கொழும்புக் கரையின் புனிதர் திருநாள்கள்

கொழும்பு கொச்சிக்கடையில் ஆண்டுதோறும் ஜூன் 13 அன்று கொண்டாடப்படுவது ஒருவர் இறந்த நாள். லிஸ்பனில் 1195இல் பிறந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, இத்தாலியின் பதுவை நகருக்கு அருகே 1231ஆம் ஆண்டு அந்தத் தேதியில் உயிர்விட்டவர் புனித அந்தோனியார். அவர் பிறந்த தேதியை யாரும் தேடுவதில்லை. கத்தோலிக்க நாட்காட்டியில் புனிதர் திருநாள்களில் மிகப் பெரும்பாலானவை இறந்த நாள்களே. பிறந்த நாள் கொண்டாடப்படுவோர் மூவர் மட்டும்: டிசம்பர் 25இல் இயேசு, செப்டெம்பர் 8இல் மரியாள், ஜூன் 24இல் திருமுழுக்கு யோவான்.

இதன் வேர் இரண்டாம் நூற்றாண்டுக்குப் போகிறது. சிமிர்னா நகரின் ஆயர் பொலிக்கார்ப்பு எரித்துக் கொல்லப்பட்டபோது அந்நகரக் கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி எடுத்து அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அங்கே கூடி, அவருடைய சாட்சியச் சாவைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவோம் என்று மற்றச் சபைகளுக்குக் கடிதமும் எழுதினார்கள். உயிர்த்த கிறிஸ்துவோடு இணைந்தவருக்குச் சாவு முடிவல்ல, விண்ணகப் பிறப்பு என்ற நம்பிக்கையே அந்தக் கடிதத்தின் அடிப்படை. புனிதர் திருநாள் என்ற ஏற்பாடு முழுவதும் இதிலிருந்து கிளைத்ததுதான். மறைசாட்சியின் கல்லறைமேல் திருப்பலி நடந்தது. பின்னர் கல்லறை இல்லாத ஊர்களில் பலிபீடத்துக்குள் திருப்பண்டம் பதிக்கப்பட்டது. கல்லறையோ பண்டமோ இல்லாத இடத்திலும் நாள் மட்டும் நிலைத்தது.

ஆகவே புனிதரின் நாளும் இறையியல்படி கிறிஸ்துவின் நாளே. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இதை வெளிப்படையாகச் சொல்கிறது: புனிதர்கள் மண்ணிலிருந்து விண்ணுக்குக் கடந்து போனதைக் கொண்டாடும்போது, கிறிஸ்துவின் பாஸ்கா அவர்களில் நிறைவேறியதையே திருச்சபை அறிவிக்கிறது. திருநாள் திருப்பலியின் மன்றாட்டும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். அது அந்தோனியாரை நோக்கிப் பேசுவதில்லை. இறைவனை நோக்கிப் பேசி, அந்தோனியாரின் பரிந்துரையைத் துணைக்கு அழைத்து, கிறிஸ்து வழியாக முடிகிறது. பாடல்களிலும் நவநாள் செபங்களிலும் புனிதரை நேரடியாக விளிக்கும் பக்திக்கு இடமுண்டு. பலிபீடத்தின் மொழி மட்டும் வேறு.

இறைவனுக்கு மட்டும் உரியது ஆராதனை. புனிதருக்கு உரியது வணக்கம். மரியாளுக்கு உரியது மேலான வணக்கம். இந்த மூன்று படிகளும் ஒரே நாளில் வகுக்கப்பட்டவையல்ல. உருவங்களை உடைத்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும் நடந்த நீண்ட சண்டைக்குப் பின் 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் சுட்டும் ஆளையே சென்று சேர்கிறது என்று தீர்த்துவைத்தது. சீர்திருத்தக் காலத்தில் கேள்வி மீண்டும் எழுந்தது. 1530இன் ஒக்ஸ்பர்க் அறிக்கை புனிதரை நம்பிக்கைக்கு முன்மாதிரியாக நினைவுகூரலாம், உதவிக்கு அழைக்கக் கூடாது என்றது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் ஒருவரே என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதியது அதற்கு ஆதாரம். 1563 டிசம்பரில் திரெந்து சங்கம் விடையளித்தது: கிறிஸ்துவோடு ஆளும் புனிதர்கள் மனிதருக்காகச் செபிக்கிறார்கள், அவர்களை அழைப்பது ஒரே இணைப்பாளரின் மாண்பைக் குறைக்காது, அதே சமயம் மூடநம்பிக்கையையும் காசு பார்ப்பதையும் ஆயர்கள் களைய வேண்டும். இரண்டாவது பகுதி முதலாவதைப் போல அவ்வளவு ஊக்கமாக எங்கும் நிறைவேற்றப்படவில்லை.

இந்த வாதங்கள் நடந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான் புனிதர்கள் தமிழ்க் கரைகளுக்கு வந்தார்கள். 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1540களில் பிரான்சிஸ்கன் துறவிகள் கோட்டை அரசுக்கு வந்து, கொழும்புக் கரையோர மீனவரிடையே பணியைத் தொடங்கினார்கள். பிரான்சிஸ்கன் சபையின் பெயர்பெற்ற போதகர் என்பதால் அந்தோனியார் அவர்களோடு வந்ததில் வியப்பில்லை. போர்த்துக்கேயருக்கு அவர் சொந்த ஊர்க்காரரும்கூட. இவற்றைவிட நீண்ட பயன் தந்தது ஓர் அச்சுநூல். இயேசு சபையைச் சேர்ந்த அன்றிக்கே அன்றிக்கசு எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586இல் தமிழில் அச்சேறியது. புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வரிசையில் சொல்லும் நூல் அது. குரு வராத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் இருந்தால் திருநாளன்று அதை உரக்க வாசிக்கலாம். ஒரு நூற்றாண்டு கழித்து இலங்கைக் கத்தோலிக்கரைத் தாங்கிநிறுத்தியது இந்த வகையான வாசிப்புத்தான்.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்களுடைய சீர்திருத்தச் சபை கிறிஸ்து பிறப்பையும் உயிர்ப்பையும் விண்ணேற்பையும் தூய ஆவியின் வருகையையும் நாள்களாக வைத்துக்கொண்டது. புனிதர் நாள், சொரூபம், திருப்பண்டம், சுற்றுப்பவனி எல்லாவற்றையும் விலக்கியது. 1658இல் பிறந்த கட்டளை, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்றது. கோவில்கள் பறிக்கப்பட்டன. பம்பலப்பிட்டிக்கு அருகே மிலாகிரியாவில் போர்த்துக்கேயர் எழுப்பியிருந்த அற்புத மாதா கோவிலின் வழிவந்த இடத்தில் இன்று நிற்பது அங்கிலிக்கரின் புனித பவுல் ஆலயம். கொட்டாஞ்சேனை மேட்டில் ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்பெண்டால் ஆலயம் இந்த இறையியலைக் கல்லில் காட்டுகிறது. சிலுவை வடிவத் தரை, ஐந்தடி கனத்த சுவர், பிரசங்க மேடை. ஒரு புனிதரும் கிடையாது.

குருக்கள் இல்லாமல் முப்பது ஆண்டு கழிந்தது. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. திருச்சபையின் வாழ்வுக்கு உயிர்நாடியாகச் சொல்லப்படும் அருட்சாதனங்களில் திருமுழுக்கும் திருமணமும் தவிர மற்றவை குரு இன்றி நடக்கா. அவ்விரண்டையும் விட்டால் நடக்கக்கூடியவை நாள்கள் மட்டுமே. இது இந்தக் கரையின் சமய வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒன்று. நோன்பு நாள் எது, மாதா நாள் எது, செபஸ்தியார் நாள் எது என்று நினைவில் வைத்திருக்க ஊர் மூப்பரும் செபம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவியும் போதும். இரவில் ஒரு வீட்டில் விளக்கேற்றிச் செபமாலை சொல்லக் குரு தேவையில்லை. புனிதர் வணக்கம் இறையியலில் இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் முதலிடத்துக் காரியங்கள் நின்றுபோனபோது நிற்காமல் இருந்தது அதுதான்.

1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கொங்கணியரான அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்றார். கண்டியை மையமாக்கி, ஒல்லாந்தர் ஆட்சிக்குள் இரவுகளில் நுழைந்து, சிதறிக் கிடந்த குடும்பங்களைச் சந்தித்தார். ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் நிறுத்தி, தான் வராத மாதங்களில் ஞாயிறும் திருநாளும் எப்படி நடக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்ததுதான் அவர் பணியின் சாரம். 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியில் இறந்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் இந்த மூப்பர்களின் கையில் புத்தகங்களைக் கொடுத்தார். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிக் குவித்தவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது.

கொச்சிக்கடைக் கோவிலின் தோற்றக் கதையும் இந்தத் தலைமறைவுக் காலத்தைச் சேர்ந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு பகலில் வியாபாரியாகவும் இரவில் குருவாகவும் வாழ்ந்தார். ஒல்லாந்தர் தேடியபோது முகத்துவாரம் பக்கத்து மீனவரிடம் ஓடினார். கடல் கரையை அரித்து எங்கள் குடிசைகளை விழுங்குகிறது, உங்கள் கடவுள் அதைத் தடுத்தால் உங்களைக் காப்போம் என்றார்கள் அவர்கள். அவர் மணலில் சிலுவை நட்டுச் செபித்தார். மூன்று நாளில் கடல் பின்வாங்கி மணல்மேடு எழுந்தது. ஊரே மனம் மாறியதைக் கண்ட ஒல்லாந்தர் அவரை அங்கேயே இருக்க விட்டார்கள். தன் பெயர் கொண்ட புனிதருக்கு அவர் மண்ணால் ஒரு சிறு கோவில் கட்டினார். மரபு சொல்வது இவ்வளவே.

இந்தக் கதையை நடந்ததா நடக்கவில்லையா என்று மட்டும் பார்த்தால் பாதி தவறிப்போகும். அந்தோனியாருக்குரிய மிகப் பழைய வழிபாட்டுப் பாடல், புனிதரான மறு ஆண்டிலேயே ஸ்பெயரின் யூலியான் இயற்றியதாகக் கருதப்படும் இலத்தீன் பதிலுரை. அற்புதம் தேடுவோருக்கு அந்தோனியார் செய்பவற்றை அடுக்கும் அந்தப் பாட்டில், விலகி ஒதுங்குபவற்றின் வரிசையில் கடலும் விலங்குகளும், அதாவது கைவிலங்குகளும், சேர்ந்தே வருகின்றன. கொச்சிக்கடைக் கதையிலும் அந்த இரண்டுமே வருகின்றன: கடல் விலகியது, கைது விலகியது. வழிபாட்டில் திரும்பத் திரும்பப் பாடப்படுவதே ஊரின் நினைவுக்கு வடிவம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று இந்தக் கரையில் கிடைப்பது அரிது.

ஆங்கிலேயர் ஆட்சியில், ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். அதே ஆண்டில் கொச்சிக்கடைச் சிறுகோவில் விரிக்கப்பட்டது. 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் சொரூபம் வந்தது. 1828இல் தொடங்கிய புதிய கோவில் 1834இல் அபிஷேகம் பெற்றது. 1263இல் பதுவையில் அந்தோனியாரின் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது என்பார்கள். அந்த நாவின் சிறு பகுதி எனப் போற்றப்படும் திருப்பண்டமும் கொச்சிக்கடையில் இருக்கிறது. போதகரின் நாவைப் போற்றுவது, கிறிஸ்தவம் உடலுக்குத் தரும் மதிப்பிலிருந்து வருவது. உயிர்த்தெழப்போகும் உடல் என்பதால் எலும்பும் சாம்பலும் குப்பையல்ல.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தனிக் கதை. அந்தோனியார் வெள்ளிக்கிழமை இறந்து அடுத்த செவ்வாய் அடக்கம் செய்யப்பட்டார். அன்றே அற்புதங்கள் நிகழ்ந்தன என்பதால் செவ்வாய் அவருடைய நாளானது. செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும் உரிய நாளாகப் பழகிய தமிழருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரத்மலானை, தெஹிவளை, வெள்ளவத்தை என்று காலி வீதி நெடுகிலுமிருந்து பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துபவர்களில் கத்தோலிக்கர் எத்தனைபேர், சைவர் எத்தனைபேர், பௌத்தர் எத்தனைபேர் என்று வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேர்த்திக்கடன் எல்லாருக்கும் புரியும் மொழி. தொலைந்த பொருள், வராத விசா, தள்ளிப்போகும் கல்யாணம், பிள்ளை இல்லாத வீடு எல்லாம் அங்கே வருகின்றன. இறையியலாளருக்கு இது சங்கடமும்தான். புனிதரை வணங்குவதன் முதல் நோக்கம் அவரைப்போல வாழ்வது, அடுத்ததே அவரிடம் கேட்பது என்பது திருச்சபையின் போதனை. ஏழைகளை வட்டிக்காரரிடமிருந்து காக்கப் பதுவை நகரின் சட்டத்தையே மாற்றவைத்த அந்தோனியார் செவ்வாய் வரிசையில் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை.

திருநாளின் அமைப்பு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒன்றே. கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், முந்திய மாலை வெஸ்பர் ஆராதனை, திருநாள் காலையில் பெருவிழாத் திருப்பலி, மாலையில் சொரூப பவனி, நற்கருணை ஆசீர். ஒன்பது நாள் என்பது, இயேசு விண்ணேறிய பின் சீடரும் மரியாளும் தூய ஆவிக்காகக் காத்திருந்து செபித்த நாள்களின் எண்ணிக்கை. வெஸ்பர் முதல்நாள் மாலையில் வருவதற்குக் காரணம், யூத வழக்கப்படி நாள் மாலையில் பிறக்கிறது என்பது. பவனியில் சொரூபம் தெருவுக்கு வருவதைக் கோவில்தேர் பழகிய கண் உடனே புரிந்துகொள்கிறது. பொருள் அதே அல்ல. கிறிஸ்தவப் பவனி, வழிநடக்கும் திருச்சபையின் படம்: முன்னே சிலுவை, நடுவே மக்கள், அவர்களோடு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஒருவர். பவனி முடிந்து நற்கருணை ஆசீர் வருவதால் கடைசிச் சொல் புனிதருடையதாக இருப்பதில்லை.

நாட்காட்டிக்கும் ஊருக்கும் உள்ள உறவு இங்கே நுட்பமானது. 1969இல் திருத்தப்பட்ட உரோமை நாட்காட்டியில் நாள்கள் பெருவிழா, விழா, நினைவு என்று தரம் பிரிக்கப்பட்டன. ஜூன் 13 உலகத் திருச்சபைக்கு வெறும் நினைவு. அந்தோனியார் பெயரில் அர்ப்பணிக்கப்பட்ட கோவிலுக்கு மட்டும் அது பெருவிழா. அவ்வாறே டிசம்பர் 13, சிராக்கூசா நகரின் மறைசாட்சி லூசியாவின் நாள், கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்குப் பெருவிழா. ஆனால் டிசம்பர் 13 ஞாயிறாக வந்தால் திருவருகைக்கால ஞாயிறே வெல்லும், லூசியா அடுத்த நாளுக்குத் தள்ளப்படுவார். வெள்ளவத்தையின் புனித லோரன்ஸ், 258இல் உரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர், ஓகஸ்ட் 10இல் தன் நாளைப் பெறுகிறார். மேற்குக் கரையெங்கும் அம்புகள் தைத்தபடி நிற்கும் செபஸ்தியாரோ கொள்ளைநோயின் காவலர். அம்மைக்கு அம்மனை நோக்கிய ஊர்களில் அவர் நிலைபெற்றது எளிதில் விளங்குகிறது.

நாள்கள் மோதிக்கொண்டதும் உண்டு. 1883 மார்ச் 25 உயிர்ப்பு ஞாயிறு. வாதங்களுக்குப் பெயர்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரைக்குப் பௌத்தப் பெரஹெர ஒன்று, லூசியா பேராலயத்துக்குப் பக்கத்தால் சென்றது. கத்தோலிக்கரோடு கலவரம் வெடித்தது. ஆங்கில அரசின் கையாளலில் அதிருப்தி கொண்ட பௌத்தர்கள் தங்கள் ஆதரவாளரான கேணல் ஒல்கொட் மூலம் இலண்டனுக்கு முறையிட்டார்கள். 1885இல் வெசாக் பொது விடுமுறையானது இந்த முயற்சியின் பலன். கிறிஸ்தவத் திருநாள் ஒன்றின் தெருச்சண்டை பௌத்தத் திருநாள் ஒன்றுக்கு அரச அங்கீகாரம் வாங்கிக்கொடுத்தது. 1966இல் அரசு வாராந்த விடுமுறையை ஞாயிறிலிருந்து போயா நாள்களுக்கு மாற்றியது. 1971 வரை நீடித்த அந்த ஏற்பாட்டில் ஞாயிறு பெரும்பாலும் வேலைநாள். திருச்சபையின் ஆதித் திருநாள் ஞாயிறே; நத்தார், புனிதர் நாள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஜூன் 13 எந்தக் கிழமையில் வந்தாலும் விடுப்பு எடுத்து ஓடுபவர்கள், வாரா வாரம் வரும் உயிர்ப்பு நாளை வேலைக்கு முன்னோ பின்னோ ஒதுக்கிக் காக்க வேண்டியிருந்தது.

யோசே வாஸ் 1995இல் காலிமுகத்திடலில் முத்திப்பேறு பெற்றார்; 2015 ஜனவரி 14இல் அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குருவின்றி நாள்களைக் காத்தவர்களுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தவருக்கே, ஜனவரி 16 என்று நாட்காட்டியில் இப்போது ஒரு நாள் உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை. கொச்சிக்கடைத் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பு உல்லாச விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. கொல்லப்பட்டோர் 260க்கும் மேல். கடற்படையினர் திருத்திக் கட்டிய கொச்சிக்கடைக் கோவில் ஜூன் 12 மாலை, திருநாளின் முன்மாலையில், மீண்டும் திறக்கப்பட்டது.

அதோடு பொலிக்கார்ப்பு காலத்துக் கேள்வி கொழும்புக்குத் திரும்பி வந்தது. திருப்பலியில் இருந்தபடியே கொல்லப்பட்டவர்கள் மறைசாட்சிகளா? விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொல்லப்பட்டார்களா என்பதே திருச்சபையின் முதல் அளவுகோல். சாவை ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்ததா என்பது இரண்டாவது. குழந்தைகள் விஷயத்தில் இதற்கு விடை கடினம். ஆனால் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளை, எதற்காகச் சாகிறோம் என்று அறியாத அவர்களையே, டிசம்பர் 28இல் திருச்சபை பழங்காலம் முதல் மறைசாட்சிகளாகக் கொண்டாடுகிறது. அவசரமின்மைக்கும் முன்னுதாரணம் உண்டு: 1544இல் சங்கிலி மன்னனால் மன்னாரில் கொல்லப்பட்ட சுமார் அறுநூறு பேர் ஊராரின் நினைவில் வேதசாட்சிகள், உரோமையின் பட்டியலில் இன்னும் புனிதர் அல்லர்.

சாவுக்குப் பின் ஐந்து ஆண்டு கடந்தே விசாரணை தொடங்கலாம் என்பது விதி. 2024இல் அந்தக் காலம் முடிந்ததும் கொழும்பு மறைமாவட்டம் அதற்கான முயற்சியில் இறங்கியது. 2025 ஏப்ரலில், குண்டுவெடிப்பில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் விசுவாச சாட்சிகள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். அந்தப் பதிவேடு புனிதர் பட்டமல்ல. 17ஆம் நூற்றாண்டில் எட்டாம் உர்பான் விதித்த தடை இன்றும் நடப்பில் உள்ளது: திருச்சபை தீர்ப்புச் சொல்லும்வரை எவருக்கும் பொது வணக்கம் செலுத்தக் கூடாது. எனவே ஏப்ரல் 21இல் கொச்சிக்கடையில் நடக்கும் திருப்பலியில், வழிபாட்டு முறைப்படி, செபம் அவர்களிடம் அல்ல, அவர்களுக்காக.